கருவிழி நோய்க்கு மூக்குக்கண்ணாடிக் கணக்கா?

கெரட்டோகோனஸ் நோயுள்ள கல்லூரி மாணவரின் ஆர்.ஜி.பி. லென்ஸ் பில்லை, ‘கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் செலவுக்குப் பாலிசியில் இடமில்லை’ என்ற ஒற்றை வரியோடு காப்பீட்டு நிறுவனத்தார் மறுபடியும் திருப்பிவிட்டார்கள். மூன்று மாதம் அலைந்ததற்கு இதுதான் பதில்.

அந்தப் பில்லை நாமும் பார்த்தோம். கருவிழியைப் படமெடுத்த கட்டணம், லென்ஸ் பொருத்திய கட்டணம், இரண்டு லென்ஸின் விலை. மேலே நோயின் பெயர், கீழே மருத்துவரின் கையெழுத்து, முத்திரை. ‘லென்ஸ்’ என்ற சொல்லைக் கண்டதும் மற்றதைப் படிக்காமலே அடித்துவிட்டிருக்கிறார்கள்.

கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோய் கெரட்டோகோனஸ். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும். முற்றிவிட்டால் எந்தக் கண்ணாடி போட்டாலும் எழுத்து கலங்கியே தெரியும். கெட்டியான ஆர்.ஜி.பி. லென்ஸ் மேலே உட்கார்ந்தால், இடையிலுள்ள மேடுபள்ளத்தைக் கண்ணீர் நிரப்பி, பார்வை தெளிகிறது. கடையில் பவர் சொல்லி வாங்குகிற சரக்கல்ல இது. சோதனை லென்ஸை வைத்து, கண்ணில் சாயம் தொட்டு, நீல விளக்கில் பார்ப்பார்கள். பச்சை எங்கே தேங்குகிறது, கூம்பின் நுனியில் எங்கே உரசுகிறது என்று பார்த்துப் பார்த்து வளைவை மாற்றுவார்கள். அளவு பிசகினால் கருவிழியில் தழும்பு விழும். இதற்குச் சிகிச்சை என்றல்லாமல் வேறென்ன பெயர்?

நிறுவனம் முதல் கடிதத்தில் சொன்ன காரணமே வேறு: 7.5 டயாப்டருக்குக் குறைந்த பார்வைக் குறைபாட்டுக்குப் பணம் கிடையாதாம். இது வெறும் பவர் கோளாறல்ல, கருவிழி நோய் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் காரணம் மாறியது, முடிவு மாறவில்லை.

கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்குப் பணம் தருகிறார்கள். இதே மாணவர் நாளை கருவிழி மாற்று அறுவைக்குப் படுத்தால் அதற்கும் தருவார்கள். பலருக்கு அந்த அறுவையே வேண்டாமல் செய்யும் லென்ஸுக்கு மட்டும் கை நீள மாட்டேன் என்கிறது.

காப்பீட்டு நிறுவனங்களுக்கு இது பழக்கம். விழித்திரை நோய்க்குக் கண்ணுக்குள் போடும் ஊசியை, படுக்கையில் சேரவில்லை என்று சொல்லி மறுத்துவந்தார்கள். அதை விலக்கக் கூடாது என்று 2019இல் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் சொல்ல வேண்டியிருந்தது. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தரச் சொல்லி 2017இல் சட்டமே வந்தது. அதன் பிறகும் மனநோயை ஒதுக்கிய பாலிசிகளை விற்றார்கள். கொரோனாவில், உயிர் பிழைக்குமா என்று தெரியாமல் வராந்தாவில் நின்ற குடும்பங்களின் பில்லில் கவச உடைக்கும் கையுறைக்கும் பணத்தை வெட்டிய கைகள் இவை. எந்த வெட்டுக்கும் இதுவரை ஒருவர் வருத்தம் தெரிவித்ததாக நமக்கு நினைவில்லை.

லென்ஸ் பில்லை மறுத்த முடிவை நிறுவனம் திரும்பப் பெற வேண்டும். பொருளின் பெயரைப் பார்த்து எழுதிய விதியை, நோயைப் பார்த்து எழுதப் பொறுப்பிலுள்ளவர்கள் இனியாவது முன்வர வேண்டும். லென்ஸுக்கான பணம் அந்த மாணவரின் தாயார் வளையலை அடகு வைத்துப் புரட்டியது. மூன்று மாத வட்டி ஏறிக் கிடக்கிறது.