தானம் என்றால் தையல் தளரலாமா?

பத்துப் பதினைந்து பேர் ஆளுக்கொரு சதுரத் துணியில் தமக்குத் தெரிந்த தையலைப் போட்டுத் தருகிறார்கள். ஒருவர் சங்கிலித் தையல், ஒருவர் காம்புத் தையல், இன்னொருவர் கிராஸ் ஸ்டிட்ச். யாரோ ஒருவர் அந்த மாதிரிகளை எல்லாம் இணைத்து, கையாலேயே குஷன் உறைகளாகத் தைத்து, பஞ்சு அடைத்து, ஒரு நற்பணிக்காக விற்கிறார். பிரிட்டனில் எம்பிராய்டரிக் குழுக்களிடம் இந்த வழக்கம் உண்டு. அப்படி வந்த பொருளை யாரும் குறை சொல்வதில்லை. நல்ல காரியத்துக்குத்தானே என்று, ஓரம் பிரிந்திருந்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள். இந்தப் பெருந்தன்மை கெடுதல்தான் செய்கிறது என்பது என் கருத்து. இரக்கப்பட்டு வாங்கிய குஷன் நாற்காலிக்கு வருவதில்லை, அலமாரிக்குள் போய்விடுகிறது. வாங்கியவர் மறுபடி வருவதில்லை. தைத்தவருக்கும் தம் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமலே போகிறது. விற்பனைக்குத் தைப்பதைவிட தானத்துக்குத் தைப்பதில் கண்டிப்பு கூடுதலாக இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தில் நடந்ததைப் பார்க்கலாம். 1931இல் அங்கே லூயிசா பெசல் தலைமையில் ஒரு தன்னார்வத் தையல் குழு கூடியது. பெசல் ஏதென்ஸில் தையற்பள்ளி நடத்தியவர். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்காகப் பழைய ஆங்கிலத் தையல் வகைகளை மாதிரிகளாகத் தைத்துக் கொடுத்தவர். அவருடன் சேர்ந்த பெண்களில் பலர் தேர்ந்த கலைஞர்கள் அல்லர், கூலியும் கிடையாது. ஆனாலும் சில ஆண்டுகளில் முழந்தாளிட்டு வணங்குவதற்கான சிறு மெத்தைகள் மட்டும் 300க்கு மேல் முடிந்தன. இருக்கைகளுக்கான குஷன்களும் காணிக்கைப் பைகளும் தனி. அது எப்படி முடிந்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. கண்ணி எண்ணித் தைக்கும் கேன்வாஸ் துணியையும் கம்பளி நூலையும் பெசல் தேர்ந்தெடுத்தார். கட்டத்தை எண்ணிப் போகும் தையலில் புதிய கையும் பழகிய கையும் பெரிய வித்தியாசம் இல்லாமல் வரும். கேன்வாஸ் வெளியே தெரியாதபடி கம்பளி அடர்ந்து மூடிக்கொள்வதால் முழங்காலின் உராய்வையும் அது தாங்கும். பார்த்துத் தைக்க மாதிரிகள் முன்னால் இருந்தன. தரத்தைக் குறைக்காமல், அந்தத் தரத்தை எல்லாரும் எட்டக்கூடிய வழியை அவர் கண்டுபிடித்தார். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த வேலைப்பாட்டை இன்றும் அந்தக் கோயிலில் பார்க்கலாம்.

இவ்வளவு கண்டிப்பு வைத்தால் பார்வை மங்கிய மூத்தவர்களும், கை நடுங்குகிறவர்களும், இப்போதுதான் ஊசி பிடிக்கிறவர்களும் ஒதுங்கிவிட மாட்டார்களா? இந்த மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடித் தைப்பதன் பயனே அவர்கள் கூட்டத்தில் இருப்பதுதான். ஆனால் பெசலே முதல் உலகப் போரில் மனம் கலங்கித் திரும்பிய சிப்பாய்களுக்குப் பிராட்ஃபோர்டில் எம்பிராய்டரி கற்றுக்கொடுத்தவர். அதைவிடக் கடினமான இடம் சிறை. லேடி ஆன் ட்ரீ என்பவர் சிறைவாசிகளைப் பார்த்துவரும் தன்னார்வலராக இருந்தவர். அவர்கள் செய்யும் வேலைக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடி, 1990களில் 'ஃபைன் செல் வொர்க்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். சிறை அறைக்குள் உட்கார்ந்து குஷன் தைக்கிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். உள்ளே வருமுன் ஊசியைத் தொட்டிராதவர்கள் பலர். தன்னார்வலர்கள் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். தைத்ததற்குப் பணம் உண்டு. 2010இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் நடத்திய குவில்ட் (தையல் போர்வை) கண்காட்சியில் வாண்ட்ஸ்வர்த் சிறைவாசிகள் தைத்த குவில்ட்டும் இருந்தது. சிறையில் தைத்ததற்கு இது போதும் என்று யாராவது நடுவில் விட்டிருந்தால் அது அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. புதியவரிடம் நல்ல வேலையை எதிர்பார்ப்பது அவரை மதிப்பதாகும். எதுவாக இருந்தாலும் சரி என்று வாங்கிக்கொள்வதில் அந்த மதிப்பு இல்லை.

கைக்குக் கை தையல் மாறுவது வேறு, தையல் கெட்டிருப்பது வேறு. மாதிரிகளைச் சேர்ப்பவர் முதலில் இந்த வேறுபாட்டைத் தெளிந்துகொள்ள வேண்டும். ஒருவர் நூலை இறுக்கி இழுப்பார், ஒருவர் தளர விடுவார். அது குஷனுக்கு அழகு. ஆனால் நூல் முனை கட்டப்படாமல் தொங்குவதோ, இணைத்துத் தைக்க ஓரத்தில் துணி விடாததோ, துவைத்தால் சாயம் போகும் சிவப்பு நூலோ அழகு ஆகாது. ஒரு துண்டு பருத்தி, பக்கத்துத் துண்டு கம்பளி என்றால் முதல் துவைப்பிலேயே ஒன்று சுருங்கி மற்றதைக் கோணலாக்கும். வேலைப்பாட்டுத் துணிக்குப் பின்னால் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்துத் தைத்தால் உட்காருபவரின் பாரம் எம்பிராய்டரி நூலில் ஏறாது. உறையைக் கழற்றித் துவைக்க ஜிப்போ பட்டனோ வேண்டும். பாராட்டு பெரும்பாலும் சதுரங்களுக்குப் போகிறது. குஷன் எத்தனை வருஷம் உழைக்கும் என்பது இணைத்தவர் கையில் இருக்கிறது.

1942இல் ஜப்பானியர் பிடியில் சிங்கப்பூர் சாங்கி சிறையில் அடைபட்ட பெண்கள், தைத்த பொருள் உழைக்க வேண்டும் என்பதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். கனடாவைச் சேர்ந்த எதெல் மல்வேனியின் யோசனைப்படி ஆளுக்கொரு சதுரத்தில் தம்மைப் பற்றி ஏதேனும் தைத்துப் பெயரும் போட்டார்கள். 66 சதுரங்கள் வீதம் மூன்று குவில்ட்கள். காயமடைந்த சிப்பாய்களுக்கு என்று அவற்றை அனுப்பினார்கள். நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று கணவன்மாருக்குத் தெரிவிப்பதும் உள்நோக்கம். சதுரங்கள் ஒன்றுபோல் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. அந்தச் சிறைக்குள் இருந்துகொண்டு, இதை உலர்சலவை செய்வது நல்லது என்ற குறிப்பையும் பின்பக்கத்தில் தைத்து அனுப்பியிருக்கிறார்கள்! பெறுபவர் அதைப் பயன்படுத்துவார், அது அழுக்காகும், சுத்தம் செய்ய வேண்டிவரும் என்று அங்கேயும் யோசித்திருக்கிறார்கள்.

இத்தனை மணி நேரம் தைப்பதற்குப் பதில் பணத்தையே நேராகக் கொடுத்துவிடலாமே என்பார்கள். வெள்ளம், பஞ்சம் என்றால் அவர்கள் சொல்வதே சரி. அப்போது பணம் போக வேண்டும், குஷன் அல்ல. மற்ற நேரங்களில், பணம் இல்லாமல் நேரமும் கைத்திறனும் மட்டும் உள்ளவர்களுக்கு இது கொடுக்கும் வழி. அந்த நேரத்துக்கு மதிப்பு வர வேண்டுமானால் விலை சரியாக இருக்க வேண்டும். துணி, நூல், பஞ்சுச் செலவைக்கூட ஈடுகட்டாத விலைக்கு விற்றால் அறப்பணிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. கையால் தைத்து வயிறு வளர்ப்பவர்களின் விலையையும் அது கீழே இழுத்துவிடும். நியாயமான விலையைக் கூசாமல் கேட்க, தையல் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும்.