சோதனையில் தேறிய லாரி

சென்ற வாரம் தொடக்கநிலை மூன்றில் சாலைப் பாதுகாப்புப் பாடம் நடத்தினேன். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்குக் காரில் தகுந்த இருக்கையோ வாரோ வேண்டும் என்றேன். ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து போகும் அங்கிள்களுக்கு பெல்ட் எங்கே?"

ஞாயிறன்று தேக்காவில் நம்மோடு வரிசையில் நிற்பவர்களே திங்கள் காலை அப்படிச் செல்கிறார்கள். நாம் பார்த்துப் பழகிவிட்டோம்.

லாரிகள் குறித்த காலத்தில் சோதிக்கப்படுகின்றன. பிரேக்கில் குறையிருந்தால் தேறா. ஆனால், பின்தட்டில் ஆட்களுக்கு இருக்கைவார் இல்லாதது பழுதாகக் கருதப்படுவதில்லை.

2010 ஜூனில் தீவு விரைவுச்சாலை விபத்தில் லாரியில் சென்ற ஊழியர் மூவர் மாண்டனர். பின்னர் மேற்கூரையும் உயர்ந்த பக்கத் தடுப்பும் கட்டாயமாயின. 2021 ஏப்ரலில் அதே விரைவுச்சாலையில், நின்றிருந்த டிப்பர் லாரி மீது ஊழியர் லாரி மோதி இருவர் மாண்டனர். தடுப்பு வெளியே விழாமல் காக்கலாம். உள்ளே ஒருவர் மீது ஒருவர் மோதுவதைத் தடுக்காது.

பேருந்துக்கு மாறினால் சிறு நிறுவனங்கள் தாங்கமாட்டா என்கிறது அரசு. அக்கவலையை ஒதுக்க இயலாது. ஆயினும், பள்ளிச் சிறு பேருந்துகளில் வார் கட்டாயமானபோது நாம் செலவைக் கண்டு தயங்கவில்லையே!

பெற்றோரே, வீட்டைப் புதுப்பிக்கக் குத்தகையாளரிடம் விலை பேசும்போது, ஆட்கள் எதில் வருவார்கள் என்றும் கேளுங்கள். அம்மாணவிக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.