கேப்டன் வேலையா, ஆயா வேலையா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் பையன்களுக்குள் ஒரு பஞ்சாயத்து. 2005-இல் யுபிசாஃப்ட் வெளியிட்ட ‘சைலன்ட் ஹன்டர் 3’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு பற்றி. இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் நீர்மூழ்கிக்கு நீங்கள்தான் கேப்டன். மாலுமிகளுக்கு நேரம் ஆக ஆகக் களைப்பு ஏறும். களைத்தவனைப் படுக்கைப் பகுதிக்கு அனுப்பி, ஓய்வெடுத்தவனைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் டார்பிடோ நிரப்புவதும் சேதத்தைச் சரிசெய்வதும் மந்தமாகிவிடும். “எவன் தூங்கினான்னு பாக்கறது கேப்டன் வேலையா, ஆயா வேலையா?” என்று ஒருவன் எழுத, ஆளாளுக்குக் கட்டைவிரல் தூக்கினார்கள். களைப்பையே எடுத்துவிடும் மாற்றம் இணையத்தில் கிடைக்கிறதாம், அதைப் போட்டுக்கொள் என்று யோசனை வேறு.

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆளாக இழுத்து இழுத்து மாற்றுவது எரிச்சல்தான். எந்தத் தலைமையாசிரியரும் ஒவ்வொரு பீரியடுக்கும் வந்து, “நீ ஐந்தாம் வகுப்புக்குப் போ” என்று சொல்வதில்லை. ஜூன் மாதமே டைம்டேபிள் போட்டுவிடுகிறோம். யாராவது லீவு எடுத்தால் மட்டும்தான் கை வைப்போம். 2007-இல் வந்த நான்காம் பாகத்தில் முறை வைத்து ஆள் மாற்றும் ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டார்கள். சரியான திருத்தம். டைம்டேபிள் சரியில்லை என்றால் டைம்டேபிளை மாற்று. பிள்ளைகளுக்குப் பசிக்காது, தூக்கம் வராது என்று ரிஜிஸ்டரில் எழுதி வைக்காதே!

அந்த விளையாட்டில் இன்னொரு வேடிக்கை. காலத்தை மிக வேகமாக ஓட்டினால் களைப்பு ஏறுவதே நின்றுவிடுமாம். நிஜத்தில் அவசரப்படும்போதுதானே களைப்பு ஏறும்?

“கேம்தானே டீச்சர்” என்பீர்கள். நிஜத்தைச் சொல்கிறேன். 2013 ஆகஸ்ட் 14, நள்ளிரவு தாண்டிய நேரம். மும்பை துறைமுகத்தில் நம் கடற்படையின் ‘சிந்துரக்‌ஷக்’ நீர்மூழ்கி வெடித்து மூழ்கியது. 18 பேர் போய்விட்டார்கள். மாலுமிகள் களைத்திருந்திருக்கலாம் என்று கடற்படை விசாரணை கருதியதை, 2017-இல் வந்த தணிக்கைத் துறை அறிக்கை குறிப்பிட்டது.

அதே 2017-இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் இரண்டு, ஜூனில் ஜப்பான் அருகே ஒன்று, ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே ஒன்று, சரக்குக் கப்பல்களோடு மோதின. 7 பேரும் 10 பேருமாக 17 பேர் இறந்தார்கள். அங்கேயும் தூக்கமின்மை பேசப்பட்டது. அமெரிக்க நீர்மூழ்கிகளில் நெடுங்காலம் ஒரு ‘நாள்’ என்பது 18 மணி நேரம். 6 மணி காவல், 12 மணி மற்றதெல்லாம். மனித உடம்பு 24 மணிக்குப் பழகியது என்று 2014 வாக்கில்தான் 24 மணி முறைக்கு மாறத் தொடங்கினார்கள்.

தூக்கக் கணக்கு பார்ப்பதைக் கேவலமாக நினைத்து “ஆயா வேலை” என்றானே, அவனுக்கு ஒன்று சொல்வேன். பள்ளியில் ஆயாம்மா தலை எண்ணாமல் ஒரு பிள்ளையையும் வெளியே விட மாட்டார். எண்ணுகிறவர் இருப்பதால்தான் நாங்கள் நிம்மதியாகப் பாடம் நடத்தினோம். கேப்டனுக்கும் முதல் வேலை அதுதான். டார்பிடோ விடுவது அப்புறம்.

இங்கே ஆதம்பாக்கத்தில் ராத்திரி விழித்துக்கொண்டால், பரங்கிமலைப் பக்கம் போகும் ரயில் சத்தம் கேட்கும. அதை ஓட்டுபவர் தூங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று? 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் போராடியபோது கேட்டதென்ன? தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் டியூட்டி வேண்டாம், வாரத்தில் 46 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பது அதில் முக்கியமானது. சம்பளத்தைப் பற்றிய பேச்சல்ல, தூக்கத்தைப் பற்றியது. அதையும் சிலர் ‘சோம்பேறித்தனம்’ என்றார்கள். கேட்கவே கூசியது.

என் மாணவர்களில் பலர் இன்று ஆஸ்பத்திரியில், கம்பெனியில், ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் மற்றவர்களுக்கு ஷிப்ட் போடும் இடத்தில் இருக்கிறீர்கள். “நான் ரெண்டு நாள் தூங்காம வேலை பார்த்தேன்” என்று பெருமை பேசுகிறவரைப் பார்த்துக் கைதட்டாதீர்கள். அடுத்த வார ஷிப்ட் பட்டியலை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரே, கடைசியாக எப்போது தூங்கப் போனார் என்று ஒரு கட்டம் சேருங்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாவிட்டால், அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடாதீர்கள்.

விளையாடும் பையன்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். களைப்பை அணைக்காமல் ஒரு முறை ஆடிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஆதம்பாக்கம்.