கிணறு கெட்டால் செய்தியில்லையா?

அமைச்சர் ஒருவர் புனரமைத்த குளத்தின் துருசைத் திறந்து வைக்கிறார். மறுநாட் காலையில் அவரது படம் பத்திரிகைகளின் முதற்பக்கத்தை நிரப்புகிறது. அதே குளம் இருபது ஆண்டுகளாகத் தூர்ந்து, வயல்கள் வரண்டு, கமக்காரன் கடனாளியானபோது எவரும் ஒரு வரி எழுதினாரில்லை. தூர்வது செய்தியன்றாம், திறப்பதே செய்தியாம்! இந்த நியாயத்தை வகுத்தவர் யாரென்று நாம் கேட்கின்றோம்.

நோர்வே நாட்டு ஆய்வாளர்களான யோகான் கல்துங், மாரி ரூகே ஆகிய இருவரும் 1965 ஆம் ஆண்டிலேயே இக்கேள்வியை எழுப்பினர். கொங்கோ, கியூபா, சைப்பிரசு ஆகிய நாடுகளின் நெருக்கடிகளைத் தம் நாட்டுப் பத்திரிகைகள் நான்கு எவ்வாறு வெளியிட்டன என்று ஆராய்ந்தனர். செய்தியாவதற்குத் துணைபுரியும் காரணிகள் பன்னிரண்டினை வகுத்துக் காட்டினர். திடீரென நிகழ்வது, வல்லமை மிக்க நாடுகளையும் பெரிய மனிதரையும் சார்ந்தது, வாசகனின் பண்பாட்டுக்கு நெருங்கியது, கேடு விளைப்பது ஆகியன எளிதிற் செய்தியாகும் என்றனர். அவ்வாறாயின் மெல்ல நிகழும் அநீதியின் கதி என்ன? எளியவனுக்கு நிகழும் அநீதியின் கதி என்ன?

சுன்னாகத்தைப் பாருங்கள். வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் சுண்ணக்கல்லின் அடியில் ஊறும் நீரே உயிர். அந்நீரில் அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கலந்தது. அது ஒரே இரவில் நேர்ந்த வெடிவிபத்தன்று. சொட்டுச் சொட்டாய்ப் பரவிய நஞ்சு. ஆகவே அது செய்தியாகவில்லை. மக்கள் வீதிக்கு வந்த பின்னரே, 2015 ஆம் ஆண்டில் வழக்கு எழுந்த பின்னரே, அது பலரின் கண்ணிற் பட்டது. 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. தீர்ப்புச் செய்தியாயிற்று. முதன்முதலாக வாளியில் எண்ணெய்ப் படலம் மிதந்ததைக் கண்டு திகைத்த குடும்பத்தின் கதை செய்தியாயிற்றா?

திடீரென நிகழ்ந்தால் மட்டும் போதுமா? அதுவும் இல்லை. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்நாட்களிலேயே 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் தீக்கிரையாயிற்று. செய்தியை எரித்தவர்கள் செய்தி சொல்லும் வாயையும் எரித்தனர்! தென்னிலங்கைப் பத்திரிகைகளோ அப்பேரழிவுக்கு உரிய இடத்தை அளித்தனவல்ல. நிகழ்ந்தது எதுவென்பதிலும் நிகழ்ந்தது யாருக்கென்பதே அங்கு அளவுகோலாயிற்று.

பிறரை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். நூறாம் நாள் நமக்குச் செய்தியாயிற்று. ஆயிரமாம் நாள் செய்தியாயிற்று. நூற்றொன்றாம் நாள் அத்தாய் வெயிலில் உட்கார்ந்திருக்கவில்லையா? அவள் கண்ணீர் எண்ணிக்கை பார்த்தா வடிகிறது?

"வாசகர் விரும்புவதையே தருகின்றோம்" என்று பத்திரிகை முதலாளிகள் கூறுவர். வெறும் சாக்கு! தமக்குத் தெரியாத ஒன்றை வாசகர் எங்ஙனம் விரும்புவர்?

கமக்காரரே! உங்கள் கிணறு உவர்த்த நாளையும், உங்கள் காணியில் வேலி விழுந்த நாளையும் குறித்து வையுங்கள். வைத்தியரே, வழக்கறிஞரே, பொறியியலாளரே! அக்குறிப்பைச் சோதித்து, சான்றோடு எழுதி, பத்திரிகைக் காரியாலயத்தின் கதவைத் தட்டுங்கள். ஒருமுறை மறுத்தால் பத்துமுறை தட்டுங்கள். மெல்ல நிகழும் அநீதியை மறதி விழுங்குமுன் அதனைச் செய்தியாக்குவது நம் கடன். எழுதப்படாத அநீதி நடவாத அநீதியாகவே நாளை கணக்கிடப்படும்.