கூரை இல்லாத காட்சிக்கூடம்

ஒரே நாளில் போய்த் திரும்ப எந்த இடம் நல்லது என்று நேயர்கள் கேட்டால், இப்போதெல்லாம் பினாங்கைச் சொல்கிறேன். அதுவும் பாலத்தில் அல்ல, ஃபெர்ரியில். கோப்பெங்கில் இருப்பவர்கள் பத்து காஜாவில் ரயில் ஏறினால் பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரித் துறைக்கு நடந்தே போகலாம். கார் ஏற்றுவது 2021 பிறந்ததும் நின்றுபோனது. 2023 முதல் ஓடும் புதுப் படகுகளில் ஆட்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும்தான் இடம்.

அக்கரையில் ஜாலான் குருத்வாராவில் இருக்கிறது ஹின் பஸ் டிப்போ. ஹின் நிறுவனத்தின் பேருந்துகளுக்காக 1947இல் கட்டியது. பேருந்துகள் போனபின் பாழடைந்து கிடந்த இடத்தில், 2014 ஜனவரியில் எர்னஸ்ட் ஸகாரெவிக் கண்காட்சி வைத்தார். ஆர்மேனியன் தெருச் சுவரில், நிஜச் சைக்கிளின்மேல் இரண்டு பிள்ளைகளை வரைந்து உட்காரவைத்த லித்துவேனியக்காரர்தான். அன்றிலிருந்து அது கலைக்கூடம். கூரை போன பகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். கறுத்த சுவர்மேல் ஓவியம், நடுவில் புல்வெளி. ஞாயிற்றுக்கிழமை சந்தையும் கூடும்.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில், சூதாட்டத்தில் சம்பாதித்த டேவிட் வால்ஷ் 2011இல் திறந்த மோனா அருங்காட்சியகத்துக்கும் ஃபெர்ரியில் போகலாம். அங்கே படைப்புகளின் பக்கத்தில் விளக்க அட்டையே கிடையாதாம். எனக்கு அது பிடித்த யோசனை. ஊடகம் படித்த நானே அந்த அட்டைகளைப் படித்துவிட்டு முன்பைவிடக் குழம்பியிருக்கிறேன்.

அம்மா எதையும் படிக்கவில்லை. இருபது வருடம் பால்மரம் வெட்டியவர், நேராகச் சுவரிடம் போய்த் தடவிப் பார்த்தார்.

"என்னாடி, நம்ம தோட்டத்துப் புகைக்கூடம் மாதிரியே இருக்கு. அதை மட்டும் ஏன் இடிச்சாங்க?"

என்னிடம் பதில் இல்லை. லயத்தையும் புகைக்கூடத்தையும் தரைமட்டமாக்கியபோது வந்து படம் எடுத்தவர்கூட இல்லை. பஸ் டிப்போ ஊர் நடுவில் இருந்தது. அதைப் பார்க்க ஆள் இருந்தார்கள். தோட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கோயிலையாவது நாம் போராடிக் காப்பாற்றப் பார்ப்போம், ஆலைக்காக யார் போராடுவார்?

எங்கள் ஊரிலேயே, பழைய கடைவீட்டில், 2009 முதல் கோப்பெங் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் கொடுத்த பழம்பொருள்களால் நிரம்பியது. திரும்பும் ஃபெர்ரியில், வீட்டில் இருக்கும் பால்வெட்டுக் கத்தியை அங்கே கொடுக்கலாமா என்று கேட்டேன். அம்மா உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"கத்தியைக் கொடுக்கலாம். மங்கைத் தர மாட்டேன். அதுல கற்பூரவள்ளி வெச்சிருக்கேன்."