ஊர் கூடி எடுத்த படம்

திருவொற்றியூர் தியாகராசர் கோவிலில் மாசி மாதம் தேர் ஓடும்.

அந்தத் தேரை ஒரு ஆள் இழுக்க முடியுமா? பத்து ஆள்தான் இழுக்க முடியுமா? முடியாது. ஊர் கூடி வடம் பிடிக்க வேண்டும். பிடித்தவர்கள் வீட்டுக்குப் போய் என்ன சொல்கிறார்கள்? "கோவில் தேர் ஓடியது" என்று சொல்வதில்லை. "நாங்கள் தேர் இழுத்தோம்" என்கிறார்கள்.

பாட்டுக்கும் படத்துக்கும் புத்தகத்துக்கும் இப்போது இதே வழி வந்திருக்கிறது.

ஒரு இளைஞர் படம் எடுக்க நினைக்கிறார். கையில் காசு இல்லை. பணம் போட முதலாளியும் இல்லை. தன் எண்ணத்தை இணையத்தில் எழுதுகிறார். படித்தவர்களில் சிலருக்குப் பிடித்துப் போகிறது. ஒருவர் ஐம்பது ரூபாய் அனுப்புகிறார். இன்னொருவர் ஐந்நூறு அனுப்புகிறார். இப்படிப் பணம் சேர்கிறது. இதற்கு "கிரவுட் ஃபண்டிங்" என்று பெயர். கூட்டு வசூல் என்று சொன்னால் நமக்குப் புரியும்.

பெயர்தான் புதிது. வேலை பழையது.

பீடம் கட்டிய சில்லறை

அமெரிக்காவில் நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலை நிற்கிறது. பிரெஞ்சு மக்கள் கொடுத்த பரிசு அது. 1885-ம் ஆண்டு அந்தச் சிலை, துண்டு துண்டாகப் பெட்டிகளில் வந்து இறங்கியது. ஆனால் அதை நிறுத்தப் பீடம் இல்லை. கட்டி முடிக்கப் பணம் போதவில்லை. பெரிய பணக்காரர்கள் பலர் கையை விரித்துவிட்டார்கள்.

ஜோசப் புலிட்சர் என்பவர் "வேர்ல்டு" என்ற பத்திரிகையை நடத்தி வந்தார். அவர் ஏழை எளியவர்களைக் கேட்டார். எவ்வளவு சிறிய தொகை தந்தாலும் பெயரைப் பத்திரிகையில் போடுவதாகச் சொன்னார்.

சில்லறை கொட்டியது! ஐந்தே மாதத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் ஒரு லட்சம் பேருக்கும் அதிகம். பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்தவர்கள். தன் பெயரை அச்சில் பார்த்தவர், பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டாமல் இருப்பாரா?

பால்காரர்கள் எடுத்த படம்

நம் நாட்டில் 1976-ம் ஆண்டு "மந்தன்" என்ற இந்திப் படம் வந்தது. குஜராத்தில் பால் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்த கதை. ஷியாம் பெனகல் இயக்கினார். பணம் போட்டவர்கள் யார்? மாடு வளர்த்துப் பால் ஊற்றும் விவசாயிகள். ஐந்து லட்சம் பேர், ஆளுக்கு இரண்டு ரூபாய்!

மொத்தம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பணக்காரர் நினைத்தால் இதைத் தனியாகவே கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு பணக்காரர் லாரி பிடித்துக் குடும்பத்தோடு வந்து படம் பார்க்கமாட்டாரே! விவசாயிகள் அப்படித்தான் வந்தார்கள். படத்தின் தொடக்கத்திலேயே, இது குஜராத்தின் ஐந்து லட்சம் விவசாயிகள் வழங்கும் படம் என்று போட்டிருந்தார்கள். பழுது நீக்கிப் புதுப்பித்த அந்தப் படம் 2024-ல் பிரான்ஸ் நாட்டின் கேன் திரைப்பட விழாவிலும் காட்டப்பட்டது.

கேரளத்தில் ஜான் ஆபிரகாம் என்ற இயக்குநர் 1986-ல் "அம்ம அறியான்" படத்தை எடுத்தார். தமிழில் "அக்கிரகாரத்தில் கழுதை" எடுத்தவர் இவர்தான். இவரும் நண்பர்களும் ஊர் ஊராகப் போய், மக்களிடம் காசு வசூலித்து அந்தப் படத்தை முடித்தார்கள்.

அப்போது காலால் நடந்தார்கள். இப்போது கைப்பேசி நடக்கிறது. கன்னடத்தில் பவன் குமார் எடுத்த "லூசியா" படம் 2013-ல் வெளிவந்தது. இணையத்தில் அவர் எழுதியதைப் படித்துவிட்டு 110 பேர் பணம் போட்டார்கள். 27 நாளில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் ரூபாய் சேர்ந்தது. அந்தக் கதைதான் 2015-ல் தமிழில் "எனக்குள் ஒருவன்" என்று வந்தது.

வட சென்னையின் கதை

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் பாட்டுக்குப் பஞ்சமா? கானா பிறந்து வளர்ந்த மண் இது. ஆனால் வட சென்னையின் கதையைச் சினிமா எடுக்கும்போது, பெரும்பாலும் கத்தியும் ரவுடியும்தான் முன்னே வருகின்றன. வலை பின்னும் அம்மாவும், துறைமுகத்தில் இரவு வேலை பார்க்கும் அப்பாவும் ஓரத்தில்கூட வருவதில்லை. தங்கள் கதையைத் தாங்களே சொல்ல இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு முதலாளி கிடைப்பதில்லை. வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்தால் வீடு மிஞ்சாது.

எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கொட்டுவதைப் பற்றி 2017-ல் "சென்னை புறம்போக்குப் பாடல்" வந்தது. கபேர் வாசுகி எழுதினார். டி.எம். கிருஷ்ணா பாடினார். தியேட்டர் கிடையாது, இணையத்தில் வெளியிட்டார்கள். எண்ணூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர்களும் கேட்டார்கள். ஊருக்குப் பொதுவான நிலம் என்ற பொருள் கொண்ட "புறம்போக்கு", எப்படி ஒரு வசைச் சொல் ஆனது என்று பேசினார்கள். ஒரே பாட்டு இத்தனை பேரை எண்ணூர்ப் பக்கம் திருப்பியது. அடுத்த பாட்டை எண்ணூர்ப் பிள்ளைகளே பாட வேண்டும். அதற்கு ஆகும் செலவை ஊர் போட வேண்டும்.

கணக்கு எங்கே?

மீனவக் குப்பங்களில் அம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வைப்பது உண்டு. கூத்துக்கும் கச்சேரிக்கும் அதிலிருந்துதான் கூலி. வரி கொடுத்தவர் சும்மா இருப்பாரா? கணக்குக் கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

இணைய வசூலில் பலர் சறுக்குவது இங்கேதான். பணம் வரும்வரை தினம் ஒரு செய்தி போடுகிறார்கள். பணம் வந்த பிறகு வாயைத் திறப்பதில்லை. படப்பிடிப்பு மழையில் நின்று போனதா? நின்று போனது என்று சொல்லலாமே! கேமரா வாடகை கூடிவிட்டதா? அதையும் சொல்லலாம். இன்று எடுத்த காட்சி, நேற்று எழுதிய வரி, கையில் மீதி எவ்வளவு என்று வாரம் ஒரு முறை சொன்னால் போதும். படிக்கிறவர் தம் நண்பருக்கும் காட்டுவார். ஐம்பது ரூபாய் தந்தவர் அடுத்த படத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பார்.

அமெரிக்காவில் 2009-ல் தொடங்கிய "கிக்ஸ்டார்ட்டர்" தளத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. கேட்ட தொகை முழுவதும் சேராவிட்டால் யாரிடமும் காசு பிடிக்கமாட்டார்கள். நம் பிள்ளைகளும் இப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டு இறங்குவது நல்லது.

கொடுப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நூறு ரூபாய் தந்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. பாட்டின் வரியை மாற்றச் சொல்லும் உரிமை கிடையாது. கொடுப்பது நன்கொடையா, பங்கா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். படகில் பங்கு என்றால் என்ன என்று காசிமேட்டுக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இணையத்தில் வருவது பெரும்பாலும் நன்கொடைதான், திரும்பி வராது. பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த பணத்தை இதில் போடக் கூடாது. "போட்டது இரட்டிப்பாகும்" என்று எவராவது சொன்னால், அவர் படம் எடுக்க வந்தவர் அல்ல.

கேட்கிறவர் எங்கே தொடங்குவது? சொந்தத் தெருவில் தொடங்கலாம். பாட்டின் முதல் நான்கு வரியைப் பாடி, இலவசமாக இணையத்தில் விடலாம். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பிறந்து, துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பும் அவர்கள், ஊர்க் குரல் கேட்டால் நின்று கேட்பார்கள்.