கோபுரம் மட்டும் போதுமா?



சனம் வராத தேவாலயங்களை விற்றுவிடலாம், கோபுரத்தையும் முகப்பையும் மட்டும் விட்டுவிட்டுப் பின்னால் தொடர்மாடி கட்டட்டும் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பாரம்பரியப் பாதுகாப்பு என்று பெயரும் வைத்திருந்தார். அதை ஏற்க முடியாது.

அப்படிப் 'பாதுகாத்த' ஒன்று மொன்றியலிலேயே இருக்கிறது. சென்-டெனி வீதியில் பல்கலைக்கழகக் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் கோபுரம், சென்-ஜாக் தேவாலயத்தினுடையது. 1970களில் கோபுரத்தையும் பக்கவாட்டு முகப்பொன்றையும் விட்டுவிட்டு மிச்சத்தை இடித்தார்கள். இன்று வீதியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

கியூபெக் நகரத்துக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் சென்-ஜோன் வீதியில் உள்ள கிளேர்-மார்ட்டின் நூலகத்துக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்கவேண்டும். அது சென்ற் மத்தியூ அங்கிலிக்கன் தேவாலயமாக இருந்தது. 1979இல் நகரசபையின் கைக்கு வந்து, அடுத்த ஆண்டே நூலகமானது. நிறக் கண்ணாடி யன்னல்களை அகற்றவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் வாசிக்கிறார்கள். 1772 முதல் 1860 வரை அடக்கம் நடந்த சேமக்காலை, கல்லறைக் கற்களோடு அப்படியே பூங்காவாக இருக்கிறது. நாவலாசிரியர் வோல்ட்டர் ஸ்கொட்டின் தம்பி தோமஸும் அங்கேதான் அடக்கம். எழுத்தாளர் குடும்பத்தவருக்கு நூலகம் நல்ல அயல்தான்!

மாறாக, அதே நகரத்தில் கிராண்ட்-அலே வீதியில் நின்ற சென்-கேர்-டு-மரி தேவாலயம் தனியார் கைக்குப் போனது. 2019இல் இடித்துவிட்டார்கள்.

ஆனால் நூலகமாக மாற்றியதோடு கடமை முடிந்தது என்றிருப்பதும் பிழை. பழைய கற்களைப் பிணைத்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. குறைந்த தொகைக் கேள்விப்பத்திரக்காரர் வந்து இடுக்கெல்லாம் சீமெந்தால் அடைத்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பனிக்காலத்தில் உறைந்து விரிந்து, கல்லின் முகத்தையே உரித்துவிடும். திருத்த வேலையால்தான் கட்டடம் பழுதாகும்.

இங்கே மொன்றியலில், பார்க் அவெனியூவில் உள்ள மொர்டெகாய் ரிச்லர் நூலகமும் முன்னர் அங்கிலிக்கன் தேவாலயம்தான். பார்க்-எக்ஸ்ரென்ஷனிலிருந்து 80ஆம் இலக்க பஸ் ஏறினால் நம் பிள்ளைகள் போய்வரக்கூடிய தூரம். இப்படியான கட்டடங்களுக்கு வெளிச்சுவருக்கு மட்டுமன்றி உட்புறத்துக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும். பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் தனி நிதியும், பழங்கல் வேலை தெரிந்த மேசன்மாரும் வேண்டும். ஒருபோதும் விற்பதில்லை என்று மாநகரசபை எழுத்தில் தரவேண்டும். தேர்தல் காலத்தில் நம் கடைகளுக்கும் கோயில்களுக்கும் கும்பிட்டுக்கொண்டு வருகிற வேட்பாளர்களிடம் முதலில் இதைத்தான் கேட்கவேண்டும்.

வாசகர் ஒருவர்,
பார்க்-எக்ஸ்ரென்ஷன், மொன்றியல்.